11 வருட நர்ஸுக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் சம்பளம் ஏன் இவ்வளவு ஒட்டி நிற்கிறது?

கோத்தகிரிப் பக்கம் 60 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் 11 வருடமாக வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர் கேட்டிருக்கிறார். அவர் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர், மாதம் 19,200 வாங்குகிறார். போன மாதம் சேர்ந்த பி.எஸ்சி. நர்சிங் பட்டம் படித்த பெண்ணுக்கு 17,500. "அவளுக்குக் கேனுலா (மருந்து ஏற்றக் கையில் குத்தும் சின்னக் குழாய்) போடக் கற்றுக்கொடுப்பதே நான்தான். மருத்துவமனைகள் அனுபவத்துக்கு மதிப்பே தராதா? வேலையை விட்டுவிடலாமா?" என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது சம்பளக் கேள்வி. எனக்கு அதற்குள் இன்னொன்று கேட்கிறது: "இந்த 11 வருடத்தை நான் தப்பான இடத்தில் போட்டுவிட்டேனா?" அதற்கும் சேர்த்துத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் 34 வருடம் நீலகிரியிலேயே நர்ஸாக இருந்தவள். முதல் பாதி ஒரு மிஷன் மருத்துவமனை, அப்புறம் தனியார் மருத்துவமனை, கடைசி 9 வருடம் நர்சிங் சூப்பிரெண்டென்ட். சம்பளம் கூட்டிக் கேட்டுப் போய் நின்றவளாகவும் இருந்திருக்கிறேன், கேட்டு வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்திலும் இருந்திருக்கிறேன். அரசு வேலை பார்த்ததில்லை. அங்கே நடப்பது உடன் படித்தவர்கள் வழியாகவும், கோயம்புத்தூர்ப் பெரிய மருத்துவமனைகளில் நடப்பது என் மாணவிகள் வழியாகவும்தான் தெரியும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் சந்தேகமில்லாத பகுதி. அனுபவத்துக்குத் தானாகவே காசு ஏறும் இடம் ஒன்று உண்டு, அது அரசின் நிரந்தரப் பணி. ஒவ்வொரு வருடமும் அடிப்படைச் சம்பளத்தில் 3 சதவீதம் இன்கிரிமென்ட். மத்திய அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸ் சம்பள அட்டவணையின் ஏழாம் நிலையில் 44,900 ரூபாய் அடிப்படையில் சேர்கிறார். பத்து இன்கிரிமென்ட் முடிந்தால் அதே நிலையிலேயே 60,400. பதவி உயர்வே வராவிட்டாலும் புதியவரைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். தமிழ்நாடு அரசிலும் அதே 3 சதவீதம்தான். பதவி உயர்வு இல்லாமல் 10 வருடம் போனால் தேர்வு நிலை, 20 வருடம் போனால் சிறப்பு நிலை என்று கூடுதல் இன்கிரிமென்ட்டும் உண்டு. நம் மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு மலைப்படி, குளிர்காலப்படி வேறு. இதோடு உங்கள் கணக்கை வைத்துப் பாருங்கள். 11 வருடத்துக்கு நீங்கள் புதியவரைவிடக் கூடுதலாக வாங்குவது 1,700 ரூபாய், அதாவது பத்து சதவீதம்கூட இல்லை. உங்களுக்கு வலிப்பது நியாயம்தான்.

ஆனால் அரசு என்றாலே அனுபவத்துக்கு மரியாதை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த நர்ஸுகள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில்தான் சேர்ந்தார்கள். பலருக்கு அது வருடக்கணக்கில் தள்ளிப்போனது. 2017-ல் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸுகள் உட்கார்ந்து போராடியது இதற்காகத்தான். தொகை பிறகு 14,000, அப்புறம் 18,000 என்று ஏறியது. ஏறினாலும் அது தொகுப்பூதியம்தான். அரசு ஆணை போட்டால் ஏறும், வருடம் போனதற்காக ஏறாது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2025-ல் 700 படுக்கைப் புதிய மருத்துவமனை திறந்திருக்கிறார்கள், அங்கே போய்விடலாமா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம். எந்த வகைப் பணி என்பதை ஆணையைப் படித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். நிரந்தரமோ ஒப்பந்தமோ, தனியாரில் நீங்கள் போட்ட 11 வருடம் அங்கே சம்பளத்தில் சேராது. முதல் நாள் ஊழியராகத்தான் நிற்பீர்கள்.

இனி உங்கள் இடம், தனியார். இங்கே புதியவருக்குச் சம்பளம் வைப்பது ஒரு கணக்கு, பழையவருக்குக் கூட்டுவது வேறொரு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதே இல்லை. புதியவரின் சம்பளத்தை வெளியே உள்ள நிலவரம் முடிவு செய்கிறது. கோயம்புத்தூரில் என்ன கொடுக்கிறார்கள், இந்த வருடம் எத்தனை பேர் படித்து முடித்து வெளியே வருகிறார்கள், மலைக்கு வர எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்று பார்த்துத்தான் ஹெச்.ஆர். தொகை சொல்வார். சொல்லாவிட்டால் வார்டு காலியாகக் கிடக்கும். உள்ளே இருப்பவருக்கு அந்த நிலவரம் எட்டாது. அவருக்கு ஏப்ரல் மாதம் 400 ரூபாயோ 500 ரூபாயோ கூட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வெளியே விலை வேகமாக ஏறும்போது புதியவர் பழையவரை எட்டிப் பிடித்துவிடுகிறார், சில சமயம் தாண்டியும் போகிறார். அமெரிக்காவில் சேரும்போதே ஊக்கத்தொகை கொடுத்துப் புதியவர்களை எடுக்கும் மருத்துவமனைகளிலும் பழைய நர்ஸுகள் சொல்லும் குறை இதேதான். நம் ஊர் நிர்வாகத்தின் கெட்ட குணம் மட்டும் இதற்குக் காரணம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு காரணம் நோயாளியின் பில்லில் இருக்கிறது. டாக்டர் வந்து பார்த்தால் பார்த்தவரைப் பொறுத்து ஒரு தொகை விழும். 'நர்சிங் சார்ஜ்' என்று போடுகிறார்களே, அது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. 20 வருட சிஸ்டர் கவனித்தாலும் இரண்டு மாதப் பெண் கவனித்தாலும் அந்த எண் மாறாது. கணக்குப் பிரிவின் கண்ணில் உங்கள் அனுபவம் வரவில் எங்கும் இல்லை, செலவில் மட்டும் இருக்கிறது. பல வருடம் நிர்வாகக் கூட்டங்களில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது. கெடுதல் வரவில்லை என்பதை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. அனுபவமுள்ள நர்ஸ் செய்வதில் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரி, வெளியே உறைபனி. எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்த குழந்தையை ஈரத் துண்டில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்தார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பாதத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை மாட்டினாள். எண் வரவே இல்லை, வந்தபோது 70 என்று காட்டியது. அவள் பதறி ஆக்சிஜனுக்கு ஓடினாள். அதில் தப்பில்லை, படித்ததைத்தான் செய்தாள். டியூட்டியில் 14 வருட சிஸ்டர் ஒருவர் இருந்தார். குழந்தையின் பாதத்தையும் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். உதடும் நாக்கும் சிவப்பாக இருப்பதைப் பார்த்தார், மூச்சை எண்ணினார். ஈரத் துண்டை எடுத்துப்போட்டு, துடைத்து, குல்லா மாட்டி, தாயின் நெஞ்சோடு தோல் படப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டார். கையும் காலும் சில்லிட்டுப்போனால் அந்தக் கருவி பொய் சொல்லும் என்பது மலையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிவிடும், கேனுலா போடும் முன் கையைச் சூடாக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். சூடு ஏற ஏற எண் சரியாக வந்தது. டாக்டர் வந்தபோது குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. கேஸ் ஷீட்டில் எழுதியது மூன்றே வரி.

அந்த சிஸ்டர் அப்போது புதியவரைவிட 600 ரூபாய்தான் கூடுதலாக வாங்கிக்கொண்டிருந்தார். மாதம் 1,000 கூட்டித் தரக் கேட்டார். நான் நிர்வாகத்திடம் கொண்டுபோனேன், ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று மறுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அவர் கோயம்புத்தூர் போய்விட்டார். அவர் பார்த்த வேலைக்கு இரண்டு புதியவர்களை எடுக்க வேண்டி வந்தது. 1,000 ரூபாயை மறுத்த அதே நிர்வாகம் அதைப் போல பல மடங்கை மாதாமாதம் செலவழித்தது. நான் இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும், அந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக் காட்டியிருக்க வேண்டும். இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

மலையில் இந்த அனுபவத்துக்கு ஒரு தனி எடை உண்டு. சமவெளியில் முடியாத கேஸை அரை மணி நேரத்தில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். இங்கே பாதை திறந்திருந்தால்தான் அனுப்ப முடியும். 2009 நவம்பரில் மண்சரிந்து மலைப்பாதைகள் அடைபட்ட நாட்களில், இருப்பதை வைத்து வார்டை ஓட்டியவர்கள் பழைய சிஸ்டர்கள்தான். படுக மொழியில் ஒரு பாட்டி தன் வலியைச் சொன்னால் புரிந்துகொள்வது, காட்டெருமை குத்தி வந்தவரின் காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வது, அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள ஆதிவாசிப் பிள்ளை வலியில் துடிக்கும்போது நடிக்கிறான் என்று ஒதுக்காமல் இருப்பது, இதையெல்லாம் இரண்டு வார அறிமுகப் பயிற்சியில் கொடுத்துவிட முடியாது. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வெளியிலிருந்து ஆட்களை எடுப்பதோடு நிற்காமல், ஆதிவாசிப் பெண்களையே நர்ஸுகளாகப் பயிற்றுவித்தது. அந்த மக்கள் யாரை நம்பி வாய் திறப்பார்கள் என்பதும் சிகிச்சையில் சேர்த்தி என்று புரிந்தவர்கள் செய்த வேலை அது.

சரி, இப்போது சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி. இது சில சீனியர்களுக்குப் பிடிக்காது. வருடம் வேறு, அனுபவம் வேறு. 11 வருடம் ஓ.பி.யில் ஊசி மட்டும் போட்டவருக்கு ஒரு வருடத்து அனுபவம் பதினோரு தடவை நடந்திருக்கலாம். பட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸ் 1980-களில், ஒரு நர்ஸ் புதியவர் நிலையிலிருந்து நிபுணர் ஆவது வரை ஐந்து படிகள் இருப்பதாக எழுதினார். அதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்: வார்டு மாறினால் பழையவரும் புதியவராகிவிடுவார். லேபர் ரூமில் ராணியாக இருந்தவரை ஐசியூவில் விட்டால் அவரும் கேட்டுக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அதனால் 'எனக்கு 11 வருடம்' என்று மட்டும் சொன்னால் நிர்வாகம் அசையாது, அசையாமல் இருப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அந்த 11 வருடத்தில் நீங்கள் என்னவாக ஆனீர்கள் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் அனுபவத்துக்குக் கொட்டிக் கொடுக்கிறார்கள் என்று நினைப்பதும் பாதிதான் உண்மை. இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறையில் பதிவு பெற்ற நர்ஸ் ஐந்தாம் பேண்டில், அதாவது ஐந்தாம் சம்பள நிலையில், சேர்கிறார். இரண்டு வருடத்தில் ஒரு படி, நான்கு வருடத்தில் கடைசிப் படி, அவ்வளவுதான். அதற்குமேல் அனுபவத்துக்காக ஏறாது. ஆறாம் பேண்ட் பதவிக்கு விண்ணப்பித்து, தேர்வாகி, பொறுப்பு ஏற்றால்தான் ஏறும். தொகை நமக்கு மலைப்பாகத் தெரியும், ஆனால் வருடத்துக்கு அங்கே இருக்கும் மதிப்பு நான்கோடு நின்றுவிடுகிறது. வளைகுடா வேலைகளுக்குப் பெரும்பாலும் கேட்பது இரண்டு வருடச் சான்றிதழ். உங்களோடு சேர்ந்தவர்கள் இரண்டாவது வருடம் முடிந்ததும் பறந்து போனது இதனால்தான். நீங்கள் மலையில் தங்கியதற்கு வீடு, பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று காரணம் இருந்திருக்கும். அதை வீண் என்று யாரும் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், தனியார் நர்ஸுகளின் சம்பளத்தைப் பார்க்கக் குழு போடும்படி 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசின் குழு பரிந்துரையும் கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, அதற்கும் கீழே என்றால் குறைந்தது 20,000 ரூபாய். உங்கள் 60 படுக்கை இதில் மூன்றாவது வகை. 50-க்கும் குறைந்த படுக்கை உள்ள இடத்துக்குச் சொன்ன தொகையைக்கூட 11 வருடம் கழித்தும் நீங்கள் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் அது பரிந்துரைதான், தமிழ்நாட்டில் தனியாரைக் கட்டுப்படுத்தும் விதியாக ஆகவில்லை. பக்கத்துக் கேரளத்தில் நர்ஸுகள் போராடி 2018-ல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச அடிப்படையாக அரசாணையில் வாங்கினார்கள். கூடலூர், பந்தலூர்ப் பெண்கள் எல்லை தாண்டி வயநாடு, பெரிந்தல்மண்ணை என்று வேலைக்குப் போவதில் இதற்கும் பங்கு இருக்கிறது என்பது என் எண்ணம்.

11 வருடத்தில் உங்களுக்குச் சேர்ந்திருக்கும் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்பதால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. 5 வருடம் தாண்டிவிட்டீர்கள், நீங்களாக ராஜினாமா செய்தாலும் கொடுத்தாக வேண்டும், 30 நாளுக்குள். கடைசியாக வாங்கிய அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடத்தால் பெருக்க வேண்டும். உங்களுக்கு அந்தத் தொகை 12,000 என்று வைத்துக்கொண்டால் சுமார் 76,000 ரூபாய் வரும். அடிப்படையைச் சின்னதாக வைத்து மீதியைப் பல படிகளாகப் பிரித்துக் கொடுப்பது இதைக் குறைக்கத்தான். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, மொத்தத்தில் பாதியாவது ஊதியக் கணக்கில் வர வேண்டும் என்கிறது. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை என்றும் சொல்கிறது. அப்புறம் பி.எஃப். முதல் நாளிலிருந்து பிடித்திருந்தால், ஓய்வூதியத்துக்குத் தேவையான 10 வருடத்தை நீங்கள் தாண்டியாகிவிட்டது. வேலை மாறினால் பி.எஃப். பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதிய இடத்துக்கு மாற்றுங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் கோபத்தில் கடிதம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி, விடலாமா? என் கருத்து: கேட்டுப் பார்க்காமல் விடாதீர்கள், கேட்கும் முன் வெளியே ஒரு இடத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கப் போகும்போது அந்தப் புதிய பெண்ணின் சம்பளத்தை இழுக்கவே இழுக்காதீர்கள். அவளுக்கு 17,500 கூடுதல் இல்லை, உங்களுக்குத்தான் குறைவு. ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எத்தனை புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், எத்தனை நைட் டியூட்டியில் தனியாகப் பொறுப்பு பார்த்தீர்கள், எந்தெந்தப் பிரிவில் யார் துணையும் இல்லாமல் நிற்க முடியும், டாக்டர் வரும் முன் நீங்கள் கண்டுபிடித்துச் சொன்ன கேஸ்கள் எவை. நீங்கள் போனால் உங்கள் இடத்துக்கு எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கையும் போடுங்கள். நான் என் சிஸ்டருக்காகப் போடத் தவறிய கணக்கு அதுதான். பிறகு 'சம்பளம் கூட்டுங்கள்' என்று பொதுவாகக் கேட்காமல் 'வார்டு இன்சார்ஜ் என்று ஆணை கொடுங்கள், அதற்கு இவ்வளவு படி கொடுங்கள், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மாதங்களுக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று கேளுங்கள். எல்லோருக்கும் கொடுக்க வேண்டி வரும் என்ற பயம்தான் அவர்கள் கையைப் பிடிக்கிறது. பொறுப்போடு கட்டிய தொகை என்றால் அந்தப் பயம் குறையும். பணம் முடியாது என்றால் குவார்ட்டர்ஸ், கடைசி பஸ்ஸுக்கு அப்புறம் வீட்டில் விட வண்டி, மாதத்துக்கு நைட் குறைப்பு என்று கேளுங்கள். மலையில் இவற்றின் மதிப்பு சம்பளச் சீட்டில் தெரியாது.

ஜி.என்.எம். என்பதால் பட்டம் படித்தவரோடு ஒப்பிட்டே உங்களை வைப்பார்கள். இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்தால் அந்தப் பேச்சு அடங்கும். ஆனால் சம்பளமில்லாமல் இரண்டு வருடம் வீட்டை ஓட்ட முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கோயம்புத்தூருக்கு இறங்கினால் கூடுதலாகக் கிடைப்பதில் வாடகையும் பிள்ளைகளின் பள்ளி மாற்றமும் எவ்வளவு சாப்பிடும் என்றும் எழுதிப் பாருங்கள். இறங்கிப் போய் நன்றாக இருப்பவர்களும் உண்டு, ஆறு மாதத்தில் திரும்பி ஏறி வந்தவர்களும் உண்டு.

புதிய பாட்ச் ஆட்களை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். சம்மதித்தால் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் அனுபவச் சான்றிதழில் வெறும் தேதி மட்டும் போடாமல், எந்தப் பிரிவில் எத்தனை வருடம், என்ன பொறுப்பு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த இடத்தில் உங்களைப் புதியவர் வரிசையில் நிறுத்தாமல் இருக்க அந்த வரிகள் வேண்டும். நீங்கள் லேபர் ரூமா, வார்டா, ஆபரேஷன் தியேட்டரா என்று சொல்லவில்லை. சொன்னால், தாளில் எதை முதலில் எழுதலாம் என்று நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.